லைட்டு எரியுது சரி, கேம் ஓடுதா?

கையில மூவாயிரம் வெள்ளி. கேம் கம்ப்யூட்டர் லிஸ்டு ஆறாயிரத்துக்கு. நடுவுல தொங்குற மூவாயிரம் எங்கேருந்து வரும் பேராண்டி? உங்கப்பன் செம்பனைக் குலை அறுக்குற சம்பளத்துலேருந்தா? இல்ல, ‘இப்ப வாங்கு, அப்புறம் கட்டு’ன்னு போன்ல பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குதே, அதுலேருந்தா? இந்த நாட்டுல அடிப்படைச் சம்பளமே 2025-லதான் 1,700 வெள்ளி ஆச்சு. அதுக்கு முந்தி 1,500. நீ முதல் வரியில எழுதி வச்சிருக்கிற கிராஃபிக்ஸ் கார்டு ஒண்ணை வாங்க உங்கப்பன் எத்தனை நாளு நெரையில நடக்கணும்னு கணக்குப் போட்டியா? போட்டிருக்க மாட்டே. கணக்குப் போட்டவன் இப்படி லிஸ்டு எழுதமாட்டான்.

உனக்கு முந்தி ஒருத்தன் வந்தான். இபிஎஃப் பணத்தை எடுக்கப் போறேன்னான். 2024 மே மாசம் அந்த மூணாவது கணக்கைத் தொறந்து விட்டாங்கல்ல, 50 வெள்ளியிலேருந்து எப்ப வேணாலும் எடுத்துக்கலாம்னு? அவசரத்துக்குக் குடுத்தது அது. ‘உனக்கு என்னய்யா அவசரம்?’னு கேட்டேன். ‘ஆஃபர் இன்னிக்கு ராத்திரி பன்னெண்டு மணியோட முடியுது தாத்தா’ங்கிறான். அடப்பாவி! நாளைக்கு விடிஞ்சா இன்னொரு ஆஃபர் வராதா? வராம எங்க போகும்?

பால் வெட்டின கெழவனுக்குக் கம்ப்யூட்டரைப் பத்தி என்ன தெரியும்னு உதட்டைச் சுழிக்காத. எம் பேரன் பகாவ்ல கடை வச்சிருக்கான். அஞ்சடியில எனக்கு ஒரு நாக்காலி. கோப்பியைக் குடிச்சிக்கிட்டு, வர்றவன் போறவன் பேசுறதைக் கேட்டுக்கிட்டு இருப்பேன். ஜெம்போல், ரொம்பின், கோலப்பிலா, எல்லாத் தோட்டத்துப் பிள்ளைகளும் வருது. எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்குறாங்க: எது பெருசு? எது உனக்கு வேணும்னு ஒருத்தனாவது கேக்கணுமே!

சரி, நான் கேக்குறேன். நீ என்ன கேம் ஆடுவே?

மொபைல் லெஜண்ட்ஸா? அடேய், அது போன்ல ஆடுறதுடா! அதுக்கு எதுக்கு ஆறாயிரம்? வேலரண்டு, டோட்டா, கவுண்டர் ஸ்ட்ரைக்குனு சொல்லு, அதுல நியாயம் இருக்கு. ஆனா வேலரண்டெல்லாம் சாதாரணப் பெட்டியில ஓடணும்னே செஞ்ச கேம். எல்லாரும் ஆடினாத்தானே அவனுக்கு வருமானம்? புதுசு புதுசா வர்ற பெரிய கதை கேம்தான் கார்டைப் பிழிஞ்சு எடுக்கும். அதை வருசத்துக்கு எத்தனை வாங்குவே? ஒவ்வொண்ணும் இருநூறு முன்னூறு வெள்ளி விக்கிறான். பெட்டிக்கே கடன் வாங்குறவன் கேமுக்கு எவன்கிட்ட போவான்? அப்புறம் அதே பழைய டோட்டாதான். அதை ஆட இம்புட்டு வேசமா?

அடுத்தது, உன் வீட்டு ஸ்கிரீன். எத்தனை ஹெர்ட்ஸ்? தெரியாதா? தெரியாமத்தான் நாலாயிரத்துக் கார்டைப் பத்திப் பேசுறியா! 60 ஹெர்ட்ஸ் ஸ்கிரீன், ஒரு நொடிக்கு 60 படம்தான் காட்டும். கார்டு 200 படம் வரைஞ்சு குடுத்தாலும் மிச்சம் 140 உன் கண்ணுக்கு வரப்போறதில்ல. மரம் எம்புட்டுப் பால் சொரிஞ்சாலும் மங்கு கொள்ற மட்டும்தான் வீட்டுக்கு. வழிஞ்சது வேருக்கு. அதனால மங்கைப் பாத்துட்டு மரத்துக்குப் போ. ஃபுல் எச்டி, 144 இல்ல 165 ஹெர்ட்ஸ் ஸ்கிரீன் இப்ப ஒண்ணும் யானை விலை இல்ல. அதை லிஸ்டுல முதல்ல எழுது. வாங்கி மாட்டினப்புறம் விண்டோஸ் செட்டிங்ல போயி 144-ன்னு மாத்து. இல்லாட்டி அது 60-லயே படுத்துக் கெடக்கும். ரெண்டு வருசமா 144 ஸ்கிரீன்ல 60-ஐப் பாத்துக்கிட்டு, ‘என்னா ஸ்மூத்தா இருக்கு தாத்தா’ன்னு சொன்ன மகராசன் ஒருத்தனை எனக்குத் தெரியும். அவன் சந்தோசத்தை நான் கெடுக்கல.

இன்னொருத்தன் அவனுக்கும் மேல. ஆசையா கார்டு வாங்கி மாட்டிட்டு, ஸ்கிரீன் வயரை மதர்போர்டுல சொருகி வச்சிருக்கான். கார்டு சும்மா குந்திக்கிட்டு இருக்கு. ‘காசு போச்சு, கார்டு கெட்டுப்போச்சு’ன்னு தூக்கிக்கிட்டு ஓடியாந்தான். பேரன் வயரைப் பிடுங்கிக் கீழ இருக்கிற கார்டு ஓட்டையில சொருகினான். அம்புட்டுதான் ரிப்பேரு. காசு கேக்கல. நான் கேட்டிருப்பேன்.

இப்ப கார்டுக்கு வருவோம். கேம் ஆடுற பெட்டியில காசு போகவேண்டிய எடம் இதுதான். மொத்தப் பணத்துல மூணுல ஒரு பங்கு, இல்ல அதுக்குக் கொஞ்சம் மேல, இதுக்கு ஒதுக்கு. ஃபுல் எச்டிக்கு ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600, 7600, என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060, 4060, இந்த வரிசையில எது நல்ல விலைக்குக் கிடைக்குதோ அதை எடு. 3060-ல 12 ஜிபி மெமரி உள்ளதும் இருக்கு. 4060 வேகம், ஆனா 8 ஜிபிதான். புதுக் கேமு 8 ஜிபியை முழுங்கிட்டு இன்னும் கேக்குது. இன்டெல்காரன் 2024 டிசம்பர்ல ஆர்க் பி580-னு 12 ஜிபியோட ஒண்ணு விட்டான். விலைக்கு நல்ல சாமான். ஆனா பழைய சிப்போட சேத்தா கொஞ்சம் சுணங்குது. அதை எடுத்தா புது சிப்போட எடு. பேருக்குப் பின்னால டிஐ, சூப்பரு, எக்ஸ்டினு வால் நீள நீள விலையும் நீளும். வாலுக்கு ஆசைப்படாத.

சிப்பு விசயத்துக்கு வந்தா உங்க ஆளுங்க அடிச்சிக்கிறதைப் பாக்கணும்! ‘நான் இன்டெல்லு’, ‘நான் ஏஎம்டி’. கட்சிக்குக் கூட இப்படி எவனும் கொடி பிடிக்கல. ஒண்ணு சொல்லட்டா? ரெண்டு பேரும் ஒரே வருசம், 1972-ல, பினாங்குக்கு வந்து ஆலை போட்டவங்க. இன்டெல்லுக்கு அமெரிக்காவுக்கு வெளிய முதல் ஆலையே நம்ம பாயான் லெப்பாஸ்தான். அங்க கொஞ்ச நாள் அந்த ஆலை, கொஞ்ச நாள் இந்த ஆலைன்னு மாறி மாறி வேலைக்குப் போன பொம்பளைப் பிள்ளைங்க எத்தனை! அவங்க கை பட்ட சாமானுக்கு நீ ஜாதி பாக்குறே. நம்ம ஊரையே எடுத்துக்க. கித்தா விலை விழுந்து, மரத்தைச் சாய்ச்சு செம்பனை நட்டு, ஆள் கொறைஞ்சு போன காலத்துல, தோட்டத்துப் பிள்ளைங்களை ஃபேக்டரி பஸ்ஸு லயத்து வாசல்லயே வந்து ஏத்திக்கிட்டுப் போச்சு, செனவாங்குக்கு. மோட்டரோலாவுக்கு சிரம்பான்ல ஆலை இருந்துச்சு. அவன் வகையறாவுலேருந்து 1999-ல பிரிஞ்ச ஆன் செமிகண்டக்டர் இன்னிக்கும் சிரம்பான்ல இருக்கு. துவாங்கு ஜாஃபார் தொழிற்பேட்டையில சாம்சங்காரன் முந்தி டிவிக் குழாய் செஞ்சான், இப்ப பாட்டரி செய்யிறான். உங்க அத்தை, பெரியம்மால்லாம் பூதக்கண்ணாடிக்குள்ள கண்ணை வச்சுக்கிட்டு சிப்பைச் சோதிச்சவங்கடா! ‘அத்தைக்குக் கம்ப்யூட்டர்னா என்னன்னு தெரியாது’ங்கிறியே, அவ கைக்குத் தெரிஞ்சது உன் வாய்க்குத் தெரியுமா?

அதனால கொடியை மடிச்சு வை. விலையைப் பாரு. ஏஎம்டில ரைசன் 5 5600-னு ஒண்ணு, 2022-ல வந்தது, ஆறு கோர். உன் கார்டுக்கு அது தாராளம். காத்தாடியும் பெட்டியோடயே சும்மா தர்றான். இன்டெல்ல கோர் ஐ3-12100எஃப், நாலு கோர், அதுவும் ஏழைக்கு ஏத்த எள்ளுருண்டை. பின்னால எஃப்-னு ஒரு எழுத்து இருந்தா உள்ள படம் காட்டுற சமாச்சாரம் கிடையாது. கார்டு இல்லாம ஸ்கிரீன்ல ஒண்ணும் வராது. ‘கார்டு அடுத்த மாசம் வாங்கிக்கிறேன், அதுவரைக்கும் ஆடிக்கிட்டு இருக்கேன்’னு எஃப்பை வாங்கிட்டுப் போனவன் ஒரு மாசம் கறுப்பு ஸ்கிரீனைக் கும்பிட்டுக்கிட்டு இருந்தான். இன்டெல்ல பதிமூணு, பதினாலாந் தலைமுறை பெரிய சிப்பு பழசா வந்தா யோசிச்சு எடு. 2024-ல அது சிலது தானா மக்கர் பண்ணுதுன்னு கம்பெனியே ஒத்துக்கிட்டு வாரண்டியை ரெண்டு வருசம் நீட்டினான். பழசு வாங்குற உனக்கு அந்த வாரண்டி வருமான்னு கேட்டுக்க.

ஏஎம்டியோட ஏஎம்5 மதர்போர்டு வாங்கினா பின்னாடி சிப்பை மாத்திக்கலாம்னு சொல்லுவாங்க. வாஸ்தவம். ஆனா அதுக்கு டிடிஆர்5 ராம்தான் வேணும். ராம் விலை இப்ப எங்க நிக்குதுன்னு பாத்தியா? 2025 கடைசியில சாமி ஏறி ஆட ஆரம்பிச்சது, இறங்கின பாடில்ல. ஏஐ-க்குக் கட்டுற பெரிய பெரிய கொட்டாய்ங்க எல்லா மெமரியையும் வாரிக்கிட்டுப் போகுது. பக்கத்து ஜொகூர்ல, மூவார்ல ஆலை வச்சிருக்கானே மைக்ரான், அவனே 2025 டிசம்பர்ல, ‘க்ரூஷியல் பேருல சில்லறை ஆளுக்கு விக்கிறதை நிறுத்துறேன்’னு சொல்லிட்டான். பெரிய தவுக்கே கெடைச்சா சின்ன ஆளை எவன் பாப்பான்? உலகம் அப்பவும் அப்படித்தான், இப்பவும் அப்படித்தான். அதனால டிடிஆர்4-லயே நில்லு. 16 ஜிபி போதும். ஆனா ஒரே கட்டையா வாங்காத. எட்டு எட்டா ரெண்டு வாங்கு. ரெண்டு பாதையில ஓடினாத்தான் சிப்புக்கு வேகமாப் போய்ச் சேரும். மாட்டினப்புறம் பயாஸ்ல எக்ஸ்எம்பியை ஏத்தி விடு. 3200-க்குக் காசு குடுத்துட்டு 2133-ல ஓட்டுறவன் இந்த மாவட்டத்துல பாதிப் பேரு.

எஸ்எஸ்டி ஒரு டெராபைட்டு. அதுக்குக் கொறைச்சா, பெரிய கேமு கொஞ்சம் ஏத்தினதும் அடுத்ததுக்கு எடம் இருக்காது. 100 ஜிபிக்கு மேல இருக்கு சிலது. சரி, போதும் அது.

இப்ப நான் கத்தப்போற எடம் வருது. பவர் சப்ளை. உன் லிஸ்டுல அதுக்கு என்ன எழுதியிருக்கே? ‘ஏதாவது ஒண்ணு, 80 வெள்ளி.’ ஏதாவது ஒண்ணா! முன்னூறு வெள்ளிக்கு ரெயின்போ லைட்டு காத்தாடி ஆறு எழுதியிருக்கே. எல்லாச் சாமானுக்கும் சோறு ஊட்டுறவனுக்கு ஏதாவது ஒண்ணு. பாருடா நியாயத்தை!

கேட்டுக்க. 4060 கார்டு முழுசா ஓடினாலும் 115 வாட்ஸ்தான் இழுக்கும். 6600-க்கு 132. உனக்கு 1,000 வாட்ஸ் பெட்டி தேவையே இல்ல, 550 போதும். ஆனா அந்த 550 உண்மையான 550-ஆ இருக்கணும். மலிவுப் பெட்டிக்காரன் வாட்ஸை ஸ்டிக்கர்ல அடிக்கிறான், உள்ள வைக்கிறதில்ல. 80 பிளஸ் பிராண்ஸ்னு போட்டிருக்கான்னு பாரு. ஆனா அதோட நிறுத்திடாத. அது கரண்டு எவ்வளவு வீணாகாம உள்ள போகுதுன்னு சொல்ற கணக்கு, பெட்டி பத்திக்காதுன்னு சொல்ற சத்தியம் இல்ல. பேர் சொல்ற கம்பெனியா, அஞ்சு வருசம் வாரண்டி தர்றானான்னு பாரு. அஞ்சு வருசம் வாரண்டி குடுக்கிறவன் அடுத்த மாசமே ஓடிப்போற சாமானைச் செய்யமாட்டான்.

இதை நான் ஏன் அழுத்திச் சொல்றேன்? நீ பொறந்தப்ப லயத்துல இருபத்து நாலு மணி நேரக் கரண்டு இருந்துச்சு. எங்க காலத்துல ஜெனரேட்டர் கரண்டு. சாயங்காலம் வரும், ராத்திரி ஆனா நின்னுடும். நின்னா விளக்கு, வந்தா ரேடியோ. போறதுக்கு வீட்டுல சாமானே இல்ல, அதனால கவலையும் இல்ல. இப்ப உன் வீட்டுல மூவாயிரம் வெள்ளி பிளக்குல தொங்குது. இந்த நாட்டுல இடி விழுற கணக்கு தெரியுமா? உலகத்துலயே இடி மின்னல் ரொம்ப அதிகமா விழுற தேசங்கள்ல நம்மளது ஒண்ணு. ஏப்ரல் மே, அக்டோபர் நவம்பர்னா சாயங்காலம் மூணு மணிக்கு மேகம் கறுத்துடும். அந்தக் காலத்துச் செம்புக் கம்பி டெலிபோன் லைன்ல மோடம் எத்தனை கருகிப் போச்சு! இப்ப ஃபைபர், கண்ணாடிக் கம்பி, அதுல மின்னல் ஏறாது. ஆனா ரூட்டரும் பெட்டியும் சுவத்துப் பிளக்குலதானே நிக்குது? சர்ஜ் புரொடெக்டர் ஒண்ணு வாங்கிப் போடு. அதுக்கும் மேல ஒரு வைத்தியம் இருக்கு, காசே இல்ல: இடி உறுமினா பிளக்கைப் பிடுங்கு. ‘மேட்ச் நடுவுல எப்படித் தாத்தா பிடுங்குறது, ரேங்கு போயிடுமே’ங்கிறான் ஒருத்தன். ரேங்கு போனா திரும்ப ஏறலாம். மதர்போர்டு போனா?

கேஸு. கண்ணாடிக் கேஸு. சுத்தி நாலு பக்கமும் கண்ணாடி, உள்ள ஏழு கலரு லைட்டு, தண்ணி ஓடுற கூலரு. பாக்கத் தீபாவளிதான், மறுக்கல. ஆனா முன்பக்கம் கண்ணாடியா அடைச்சா காத்து எந்த வழியா வரும்? இது என்ன கேமரன் மலையா? மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழ உன் ரூம்புல எப்படி வேகும்னு உனக்குத் தெரியாதா? முன்னால வலை வச்ச கேஸா எடு. காத்தாடி ரெண்டு போதும், ஒண்ணு இழுக்க, ஒண்ணு தள்ள. ஆறு எதுக்கு? பெட்டி என்ன பறக்கவா போகுது? அப்புறம், தோட்டத்துச் செம்மண் சடக்குல லோரி போனா தூசி எங்க போய்க் குந்தும்? உன் கேஸுக்குள்ளதான். தூசி வடிகட்டி கழட்டிக் கழுவுற மாதிரி இருக்கான்னு பாரு. பின்னால கார்டு மாட்டாத சந்துல மூடி இருக்கான்னும் பாரு. பல்லிக்கு உன் கம்ப்யூட்டர்னா ரொம்பப் பிரியம். சூடா இருக்கு, இருட்டா இருக்கு, வேற என்ன வேணும் அதுக்கு? பவர் சப்ளைக்குள்ள போயி, தானும் கருகி பெட்டியையும் கொண்டுபோன பல்லியை நானே பாத்திருக்கேன். பஞ்சாங்கத்துல பல்லி விழும் பலன் இருக்கே, அதுல இந்தப் பலனைப் போட மறந்துட்டாங்க.

தண்ணிக் கூலரா? 5600-க்கா? அதுக்கு அதோட வர்ற காத்தாடியே போதும்னு கம்பெனிக்காரனே சொல்றான். உனக்கு என்ன அவனை விடத் தெரியும்? ரொம்பச் சத்தம் போட்டா நூறு வெள்ளிக்குள்ள நல்ல காத்துக் கூலர் வாங்கு. மதர்போர்டுலயும் அப்படித்தான். பி550எம் போதும். கவசம் மாட்டின, தீப்பொறி படம் போட்ட பலகை உனக்கு வேகம் தராது. அந்தத் தீப்பொறிக்கு முன்னூறு வெள்ளி கூடுதல்.

என்ன மொகம் சுருங்குது? லைட்டு இல்லாட்டி கூட்டாளிங்க சிரிப்பானுங்களா? இப்ப தெரியுது லிஸ்டு யாருக்குன்னு. நீ கேம் ஆடப் பெட்டி வாங்கல, அவனுங்க வந்து பாக்கப் பெட்டி வாங்குறே. அவனுங்க வருசத்துக்கு ரெண்டு தடவை வருவானுங்க, அதுல ஒரு தடவை தீபாவளி. மீதி நாளு நீதான் அதுக்கு முன்னால உக்காரணும்.

மூவாயிரமும் இல்ல, ஆயிரத்து ஐநூறுதான் இருக்குன்னு வச்சிக்க. அப்பவும் வழி இருக்கு. ஆபீஸ்ல கழிச்சுக்கட்டின டெல், எச்பி பெட்டிங்க கோலாலம்பூர் லோ யாட்லயும் கெடைக்கும், நம்ம பக்கமும் கெடைக்கும். ஆனா இன்டெல் எட்டாந் தலைமுறைக்குக் கீழ வாங்காத. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட கம்பெனி கையைக் கழுவிட்டான். விண்டோஸ் 11 ஏறணும்னா அந்தத் தலைமுறைச் சிப்போட டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்புச் சமாச்சாரமும் வேணும். அந்த டிபிஎம் இல்லாட்டி விண்டோஸ் 11-ல வேலரண்டும் ஓடாது. அந்தப் பெட்டியில பவர் சப்ளை சின்னது, அதனால தனி வயர் கேக்காத கார்டாப் போடு. ஜிடிஎக்ஸ் 1650-ல அந்த வகை இருக்கு. ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி 70 வாட்ஸ்தான். ஒடுங்கின கேஸுன்னா குட்டைக் கார்டா கேட்டு வாங்கு. அளந்துட்டுப் போ. அளக்காம வாங்கி, கேஸை ரம்பத்தால அறுத்தவன் கதை இன்னொரு நாளு சொல்றேன்.

பழைய கார்டுன்னா ஒரு எச்சரிக்கை. 2022 செப்டம்பர் 15-ல எத்தீரியம்காரன் கார்டு வச்சுக் காசு தோண்டுற வேலையை முடிச்சான். ராவும் பகலும் தோண்டின கார்டெல்லாம் அப்ப சந்தைக்கு வந்துச்சு. தோண்டின கார்டு எல்லாமே கெட்டதுன்னு நான் சொல்லமாட்டேன். நேர்ல போ, மாட்டச் சொல்லு, அரைமணி நேரம் கேம் ஓடச் சொல்லு. காத்தாடி கரகரன்னா, கோடு கோடா விழுந்தா எந்திரிச்சு வந்துடு. ‘சோதிக்கல்லாம் முடியாது பாஸ், நம்புங்க’ன்னா, அவன் மொகத்துலயே விழிக்காத.

இம்புட்டும் பண்ணிட்டு, ஆட்டத்துல சுட்டா குண்டு அரை நொடி கழிச்சுப் போகுதுன்னு பெட்டியைத் திட்டாத. கேம் சர்வர் பெரும்பாலும் சிங்கப்பூர்ல இருக்கு. உன் வைஃபை ரெண்டு சுவரு தாண்டி அடுப்படியைச் சுத்திக்கிட்டு வருது. பதினஞ்சு வெள்ளிக்கு லேன் வயர் ஒண்ணு வாங்கி ரூட்டர்லேருந்து நேரா இழு. ஆயிரம் வெள்ளி கார்டு செய்யாததை அது செய்யும்.

சரி, பேனாவை எடு. ஆறு காத்தாடியை அடி. தண்ணிக் கூலரை அடி. தீப்பொறிப் பலகையை அடி. ‘ஏதாவது ஒண்ணு’ன்னு எழுதினதை நல்லா அடி, அந்த எடத்துல 550 வாட்ஸ்னு எழுது. இப்பக் கூட்டிப் பாரு. மூவாயிரத்துக்குள்ள வருதா? கொஞ்சம் எகிறுதுன்னா கார்டுல ஒரு படி இறங்கு, பவர் சப்ளைல இறங்காத. எழுதி முடிச்சதும் நம்ம பேரன்கிட்டயும் கேளு, இன்னும் ரெண்டு கடையிலயும் கேளு. எவன் கொறைச்சலோ அவன்கிட்ட வாங்கு. சொந்தக்காரன்னு எங்ககிட்டயே வாங்கணும்னு இல்ல. எங்க வாங்கினாலும் ரசீதையும் பெட்டியையும் பத்திரமா வை. வாரண்டிக்கு ரசீதுதான் கேப்பான்.